குடலுக்கும் நாக்கு உண்டு: வயிற்றுப் பூச்சியை உடம்பு எப்படி விரட்டுகிறது?

[காட்சி: தங்கச்சிமடத்தில் மல்லிகை நாற்றுப் பாத்தி. மணலில் தண்ணீர் இறங்குகிறது.]

பாகற்காயை வாயில் வைத்ததும் முகம் சுளிக்கிறோம். அந்தக் கசப்பை உணர நாக்கு பயன்படுத்துகிற புரதங்களில் சில உங்கள் சிறுகுடலிலும் இருக்கின்றன. அங்கே அவை குழம்பை ருசிக்கவில்லை, புழு வந்திருக்கிறதா என்று வேவு பார்க்கின்றன. இந்த வேலையை அவை செய்கின்றன என்பதே 2016-இல்தான் தெரிய வந்தது. எனக்கு இதைவிட ஆச்சரியமான உடல் செய்தி வேறு இல்லை. முழுதாகப் பாருங்கள், நடுவில் தள்ளிவிட்டுப் போகாதீர்கள்.

முதலில் அடிப்படையைச் சட்டென்று முடித்துவிடலாம். நம் ஊரில் எல்லாவற்றுக்கும் ஒரே பெயர், பூச்சி. அதற்குள் உருண்டைப்புழு, கொக்கிப்புழு, சாட்டைப்புழு, பிள்ளைகளை ராத்திரியில் சொறிய வைக்கிற கீரிப்பூச்சி எல்லாம் அடங்கும். மண்ணிலிருந்து வருகிற முதல் மூன்று வகையும் சேர்ந்து உலகத்தில் சுமார் 150 கோடிப் பேரிடம் இருப்பதாக உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது.

கருப்பட்டி தின்றால் பூச்சி வரும் என்பார்கள். வராது. சாயல்குடிப் பக்கத்துக் கருப்பட்டிமேல் இந்தப் பழியைப் போடாதீர்கள். மலத்தோடு மண்ணில் விழுந்த முட்டை, கை வழியாகவோ கழுவாத காய் வழியாகவோ வாய்க்குள் போனால் உருண்டைப்புழு வரும். கொக்கிப்புழு இன்னும் மோசம், அதற்கு வாயே தேவையில்லை. ஈர மணலில் முட்டை பொரிந்து, ஒரு வாரம் பத்து நாளில் குஞ்சுப்புழு தயாராகி, வெறுங்காலின் தோலைத் துளைத்துக்கொண்டு ஏறிவிடும்.

அப்படியானால் தனுஷ்கோடிக் கடற்கரையில் செருப்பில்லாமல் நடக்கலாமா என்று கேட்பீர்கள். உப்புத் தண்ணீர் அடித்து அடித்து நனைக்கிற மணல் கொக்கிப்புழுவுக்கு ஒத்துவராது. அதற்குப் பிடித்தது நிழலும் நன்னீர் ஈரமும் உள்ள மணல். வீட்டுக்குப் பின்னால் தென்னையடி, தண்ணீர் பாய்ச்சுகிற பாத்தி, இப்படி. அதுவும் அங்கே மலம் விழுந்திருந்தால் மட்டும்தான். ஈரமணலைப் பார்த்தெல்லாம் பயப்பட வேண்டாம், திறந்தவெளியில் மலம் கழிப்பதுதான் பிரச்சினை. அப்புறம், மீன் வயிற்றில் சுருண்டு கிடக்கிற வெள்ளைப் புழுவைப் பற்றிப் பலர் கேட்கிறீர்கள். அது வேறு ஜாதி. கொதிக்கிற குழம்பில் செத்துப்போகும்.

[காட்சி: காலில் ஏறும் புழு, நுரையீரல் வழியாகக் குடலுக்குப் போகும் பாதை, வரைபடமாக.]

சரி, உடம்புக்குள் வந்துவிட்டது. கொக்கிப்புழு ரத்தத்தோடு நுரையீரலுக்குப் போகிறது. அங்கிருந்து தொண்டைக்கு ஏறுகிறது, நாமே அதை விழுங்குகிறோம், குடலில் போய் உட்கார்கிறது. உருண்டைப்புழுவின் குஞ்சும் குடலில் பொரிந்து இதே நுரையீரல் சுற்றைச் சுற்றித்தான் திரும்ப வருகிறது. அந்த நாட்களில் சிலருக்கு வறட்டு இருமல் வரும். ரத்தப் பரிசோதனை எடுத்தால் ஈசினோபில் என்ற வெள்ளணுக்கள் ஏறியிருக்கும். சுவிட்சர்லாந்து மருத்துவர் லோஃப்லர் 1932-இல் எழுதிவைத்தது இந்த மாதிரி நுரையீரல்களைப் பற்றித்தான். நம் ஊரில் தும்மல், இளைப்பு என்றாலே "ஈஸ்னோபீலியா இருக்கு" என்கிறோமே, அதே அணுதான். ஒவ்வாமையில் நம்மைப் படுத்துகிற ஐ.ஜி.இ எதிர்ப்புரதமும் புழு வந்தால் கூடுகிறது. ஒவ்வாமையில் தூசியைப் பார்த்துக் கிளம்புகிற படை, பழைய காலத்திலிருந்து புழுவோடு மோதிப் பழகிய படை என்றுதான் பல விஞ்ஞானிகள் நினைக்கிறார்கள்.

இப்போது உடம்பின் உண்மையான சிக்கலைப் பாருங்கள். பாக்டீரியா வந்தால் மேக்ரோஃபேஜ் என்ற வெள்ளணு அதை விழுங்கிவிடும். மேக்ரோஃபேஜின் அளவு ஒரு மில்லிமீட்டரில் ஐம்பதில் ஒரு பங்கு. வளர்ந்த பெண் உருண்டைப்புழு 35 சென்டிமீட்டர் வரை போகும், ஒரு நாளைக்கு இரண்டு லட்சம் முட்டை இடும். விழுங்குகிற பேச்சுக்கே இடமில்லை. கொல்ல முடியாததை வெளியே தள்ளத்தான் வேண்டும். அதற்கு உடம்பு தனியாக ஒரு வழியே வைத்திருக்கிறது.

[காட்சி: குடல் சுவர், பெரிதாக்கி. ஒரே ஒரு செல் மட்டும் நிறத்தில்.]

இந்த இடத்தில்தான் நான் நிற்கப்போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். இந்தச் செல்லுக்கு டஃப்ட் செல் என்று பெயர். தலையில் குஞ்சம் வைத்தது போல இருக்கும். 1956-லேயே நுண்ணோக்கியில் பார்த்துவிட்டார்கள். அறுபது வருஷம் இது எதற்கு என்றே புரியவில்லை. சாதாரணமாகக் குடல் சுவரின் செல்களில் நூற்றுக்கு ஒன்றுகூடத் தேறாது. இதற்குள் டி.ஆர்.பி.எம்-5, கஸ்ட்டூசின் என்று நாக்கின் சுவை செல்லில் இருக்கிற அதே புரதங்கள் இருப்பதும் தெரிந்தது. குடல் எதற்காக ருசி பார்க்க வேண்டும்?

2016-இல் மூன்று ஆய்வுக் குழுக்கள் கிட்டத்தட்ட ஒரே நேரத்தில் பதிலோடு வந்தன. எலிகளுக்குப் புழுவைக் கொடுத்துப் பார்த்தார்கள். டஃப்ட் செல் ஐ.எல்-25 என்ற சமிக்ஞையை வெளியே விடுகிறது. குடல் சுவருக்கு அடியில் ஐ.எல்.சி-2 என்ற நோய் எதிர்ப்பு அணுக்கள் காத்திருக்கின்றன. அவை இதைக் கேட்டதும் ஐ.எல்-13 என்ற இன்னொரு சமிக்ஞையைக் கொட்டுகின்றன. அது போய்ச் சேருவது புதுச் செல்களைப் பிறப்பிக்கிற குடலின் குருத்தணுக்களிடம். குடல் சுவர் எப்படியும் நாலைந்து நாளுக்கு ஒருமுறை புதிதாகிறது. இனிப் புதிதாக வருகிற செல்கள் சளி சுரக்கும் செல்லாகவும் டஃப்ட் செல்லாகவும் அதிகம் வரட்டும் என்று அந்த ஐ.எல்-13 மாற்றிவிடுகிறது.

பாம்பனில் கரைவலை இழுப்பதைப் பார்த்திருப்பீர்கள். மீன் கூட்டத்தைக் கண்டுகொள்கிறவர் ஓரிருவர்தான். அவர் குரல் கொடுத்தால்தான் தெருவே வந்து இரண்டு பக்கமும் கயிற்றைப் பிடிக்கும். டஃப்ட் செல் அந்தக் குரல் கொடுக்கிறவர். ஆனால் குடல் கரைவலையையும் மிஞ்சிவிடுகிறது. இங்கே ஆள் திரண்டதும், குரல் கொடுக்கிறவர்களே பல மடங்காகப் பெருகுகிறார்கள். குரல் கூடக் கூட ஆள், ஆள் கூடக் கூடக் குரல்! சில நாட்களில் குடல் சுவரே வேறு சுவராகிவிடுகிறது. சளி வெள்ளமாகச் சுரக்கிறது, தண்ணீர் கசிகிறது, குடல் தசை பலமாகச் சுருங்கி விரிகிறது. புழுவுக்குப் பிடிமானம் போகிறது. எலிக்குடலில் வாழ்கிற நிப்போஸ்ட்ராங்கைலஸ் என்ற கொக்கிப்புழு வகை இப்படி ஒன்றிரண்டு வாரத்தில் வெளியேறிவிடுகிறது.

டஃப்ட் செல் இல்லாத எலிகளில் புழு வெளியேறுவது தாமதமாகிறது. நூற்றுக்கு ஒன்று இல்லாத செல் போனால் படையே தூங்குகிறது. 2019-இல் இன்னொரு ஆய்வில் ட்ரைக்கினெல்லா என்ற புழுவின் சாறை எலிக்குடல் திசுவில் விட்டார்கள். டஃப்ட் செல்கள் அதைக் கசப்பு உணரும் ஏற்பிகள் வழியாகக் கண்டுகொண்டன. புழு நம் குடலுக்குக் கசக்கிறது என்று இதைப் படித்தபோது எழுந்து நின்றுவிட்டேன். உங்கள் வீட்டில் பூச்சிக்கு வேப்பங்கொழுந்தா, பாகற்காய்ச் சாறா, என்ன கொடுப்பார்கள்? கமெண்டில் எழுதுங்கள், எல்லாவற்றையும் படிக்கிறேன். ஆனால் கசப்பைக் குடித்தால் டஃப்ட் செல் விழித்துக்கொள்ளும் என்று யாரும் நிரூபிக்கவில்லை, அதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன்.

[காட்சி: கொக்கிப்புழுவின் வாய், மிக அருகில்.]

இவ்வளவு ஏற்பாடு இருந்தும் மனிதக் குடலில் கொக்கிப்புழு வருஷக்கணக்கில் குடித்தனம் நடத்துகிறது. எப்படி? புழு சமாதானம் பேசுகிறது. எலியின் குடலில் ஹெலிக்மோசோமாய்டஸ் என்று ஒரு புழு உண்டு. சண்டையை நிறுத்த நம் உடம்பு பயன்படுத்துகிற டி.ஜி.எஃப்-பீட்டா என்ற புரதத்தின் வேலையைச் செய்ய, அது சொந்தமாக ஒரு புரதத்தைச் சுரக்கிறது. இரண்டு புரதங்களுக்கும் அமைப்பில் உறவே இல்லை, ஆனால் பூட்டு திறக்கிறது. சண்டையை அடக்கி வைக்கும் டி அணுக்கள் என்ற வெள்ளணுக்கள் பெருகுகின்றன, படை அடங்குகிறது. இன்னொரு புரதத்தை விட்டு ஐ.எல்-33 என்ற அபாய அறிவிப்பையும் அது கட்டிப்போடுகிறது.

இதை வைத்துத்தான் புழு இருந்தால் ஆஸ்துமா வராது என்று சில வீடியோக்கள் சுற்றுகின்றன. கொக்கிப்புழுவைத் தன்னார்வலர்களுக்கு வேண்டுமென்றே கொடுத்து ஆராய்ந்தது உண்மை. ஆனால் அது இன்றுவரை ஏற்றுக்கொள்ளப்பட்ட சிகிச்சை இல்லை. ஆன்சைலோஸ்டோமா என்ற கொக்கிப்புழு ஒன்று, ஒரு நாளைக்குச் சுமார் 0.2 மில்லி ரத்தம் போக வைக்கும். ஐம்பது இருந்தால் பத்து மில்லி, தினமும். ஏற்கனவே ரத்தசோகையோடு இருக்கிற ஒரு பெண்பிள்ளையிடம் போய் இதன் நன்மையைப் பேசுகிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம்தான் வருகிறது.

தட்டம்மை ஒருமுறை வந்தால் மறுபடி வராது, புழு அப்படி இல்லை. தடுப்பூசியும் இன்னும் கிடையாது. அதனால்தான் 2015-இலிருந்து தேசிய குடற்புழு நீக்க நாள் நடக்கிறது. பிப்ரவரி 10, ஆகஸ்ட் 10 என்பது பொதுவான தேதி, ஊருக்கு ஊர் கொஞ்சம் மாறும். 1 முதல் 19 வயது வரை பள்ளியிலும் அங்கன்வாடியிலும் அல்பெண்டசோல் என்ற பூச்சி மாத்திரை 400 மில்லிகிராம், இரண்டு வயதுக்குள் பாதி. புழுவின் செல்லுக்குள் இருக்கிற டியூபுலின் என்ற புரதத்தை அது பிடித்துக்கொள்ளும், புழு சர்க்கரையை உறிஞ்ச முடியாமல் பட்டினியில் சாகும். மாத்திரை போட்ட அன்று சில பிள்ளைகளுக்கு லேசாக வயிறு வலிக்கலாம், வாந்தி வரலாம். புழு அதிகம் இருக்கிற பிள்ளைகளுக்குத்தான் பெரும்பாலும் அப்படி ஆகும், சீக்கிரம் சரியாகிவிடும். அதைப் பார்த்துவிட்டு "இனிமேல் வேண்டாம்" என்று அடுத்த முறை நிறுத்திவிடாதீர்கள். அன்றைக்குக் காய்ச்சல் என்று லீவு போட்ட பிள்ளைக்குச் சில நாள் கழித்து மறுபடி கொடுப்பார்கள். தேதியை டீச்சரிடமோ அங்கன்வாடி அக்காவிடமோ கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.