யூத மக்கள்மீது கிறிஸ்தவ அன்பு: ஜெபமே அடிப்படை

நடுவர் அவர்களே, அவையில் வீற்றிருக்கும் பெரியோர்களே, எதிரணி நண்பர்களே, அனைவருக்கும் வணக்கம். யூத மக்கள்மீது கிறிஸ்தவர் கொள்ளும் அன்புக்கு அடிப்படை ஜெபமா, செயலா என்பது இன்றைய தலைப்பு; ஜெபமே என்று வாதிட வந்திருக்கிறேன். ஐரோப்பியத் திருச்சபைகள் நூற்றாண்டுக் கணக்கில் யூதர்களுக்காக ஜெபித்தும் அவர்கள்மீது இழைக்கப்பட்ட கொடுமை நிற்கவில்லையே என்று எதிரணித் தலைவர் கேட்டார். நியாயமான கேள்வி. அதற்கு விடை அந்த ஜெபத்துக்குள்ளேயே இருக்கிறது.

கத்தோலிக்கத் திருச்சபையின் பெரிய வெள்ளி வழிபாட்டில் திருச்சபைக்காகவும் ஆள்வோருக்காகவும் பிறருக்காகவும் வரிசையாக மன்றாட்டுகள் சொல்லப்படும். ஒவ்வொரு மன்றாட்டுக்கும் மக்கள் முழங்காலிட்டு எழுவார்கள். ஆனால் பல நூற்றாண்டுகளாக, யூதர்களுக்கான மன்றாட்டு வந்தபோது மட்டும் எவரும் முழங்காலிடவில்லை. அந்த மன்றாட்டே அவர்களை இழிவுபடுத்தும் அடைமொழியோடுதான் தொடங்கியது. ஆண்டுதோறும் தாயின் அருகே நின்று இதைப் பார்த்து வளர்ந்த குழந்தை, எல்லாருக்காகவும் மண்டியிடலாம், இவர்களுக்காக மட்டும் வேண்டியதில்லை என்பதை எந்தப் பிரசங்கமும் இல்லாமலே கற்றுக்கொண்டது. ஆகவே, ஜெபம் பயனற்றுப் போனது என்று சொல்ல வழியில்லை. வெறுப்பு கலந்த ஜெபம் வெறுப்பை வளர்த்தது என்பதுதான் வேதனையான உண்மை.

1955-இல் திருத்தந்தை பன்னிரண்டாம் பயஸ் செய்த சீர்திருத்தத்தில் அந்த மன்றாட்டுக்கும் முழங்காலிடுதல் வந்தது. 1959-இல் இருபத்துமூன்றாம் யோவான் அந்த அடைமொழியை நீக்கினார். 1965 அக்டோபர் 28 அன்றுதான், இயேசுவின் பாடுகளுக்கான பழியை அன்று வாழ்ந்த எல்லா யூதர்மீதும் இன்றைய யூதர்மீதும் சுமத்தலாகாது என்று, கத்தோலிக்க ஆயர்களின் பேரவையான இரண்டாம் வத்திக்கான் சங்கம் அறிவித்தது. இந்த வரிசையை நடுவர் அவர்கள் குறித்துக்கொள்ள வேண்டுகிறேன்: முதலில் திருந்தியது ஜெபம், அதன் பிறகே போதனை.

அதே திருச்சபையில், அந்த மாற்றங்களுக்கு முன்பே உண்மையாக ஜெபித்த ஒருவர் இருந்தார். பெர்லின் நகரின் புனித ஹெட்விக் பேராலயத்தில் பணியாற்றிய குரு பெர்னார்ட் லிச்டன்பெர்க், நாஜி ஆட்சியின்கீழ் 1938 நவம்பரில் யூதர்களின் ஜெப ஆலயங்கள் எரிக்கப்பட்டபோது, எரிவதும் கடவுளின் வீடுதான் என்று வெளிப்படையாகச் சொன்னார். அன்றுமுதல் மாலை வழிபாட்டில் யூதர்களுக்காகவும் வதைமுகாம் கைதிகளுக்காகவும் சத்தமாக ஜெபித்தார். 1941-இல் அதைக் கேட்ட மாணவியர் இருவர் காவலரிடம் புகார் கொடுத்தனர். அவருடைய வீட்டைச் சோதனையிட்டபோது, யூதர்களுக்கு உதவக் கூடாது என்று பரப்பப்பட்ட துண்டறிக்கையை மறுத்துப் பிரசங்க மேடையில் வாசிக்க அவர் எழுதி வைத்திருந்த அறிவிப்பு கிடைத்தது. நாடுகடத்தப்பட்ட யூதர்களோடு தாமும் போய் அவர்களுடன் இருந்து ஜெபிக்க விரும்புவதாக விசாரணையில் கூறினார். சிறைத்தண்டனை முடிந்தும் விடுதலை கிடைக்காமல், டாஹாவ் முகாமுக்குக் கொண்டுசெல்லப்படும் வழியில் 1943 நவம்பர் 5 அன்று உயிர்நீத்தார். ஜெபம் சுலபமானது, செலவில்லாதது என்று எதிரணியில் ஒருவர் சொன்னதை என்னால் ஏற்கவே முடியவில்லை. லிச்டன்பெர்க்மீது வந்த புகாரே அந்த ஜெபத்தைப் பற்றியதுதான்.

செயலுக்குச் சான்றாக எதிரணியினர் நெதர்லாந்தின் ஹார்லெம் நகரத்து டென் போம் குடும்பத்தைக் காட்டினார்கள். அலமாரியின் கீழ்த்தட்டு வழியாக ஊர்ந்து நுழையும்படி, படுக்கையறைப் போலிச் சுவருக்குப் பின்னே மறைவிடம் அமைத்து நாஜிகளிடமிருந்து யூதர்களைக் காத்த குடும்பம் அது. 1944 பிப்ரவரி 28 அன்று அவர்கள் கைதானார்கள். 84 வயதான தந்தை காஸ்பர் பத்து நாளில் கைதியாகவே இறந்தார். ஆனால் அதே கடிகாரக்கடை வீட்டில், 1844-ஆம் ஆண்டிலேயே காஸ்பரின் தந்தை யூத மக்களுக்காக வாராந்தர ஜெபக்கூட்டம் தொடங்கியிருந்தார் என்பதை எதிரணியினர் சொல்லாமல் விட்டுவிட்டார்கள். அந்தச் சுவர் எழுவதற்கு ஒரு நூற்றாண்டு முன்பே அதற்கு அஸ்திவாரம் போடப்பட்டுவிட்டது.

"எருசலேமின் சமாதானத்துக்காக வேண்டிக்கொள்ளுங்கள்" என்னும் சங்கீத வசனம் நம் ஊர்ச் சபைகளிலும் ஒலிக்கிறது. யூதர்களை, உலக முடிவைக் கணிக்கும் இறுதிக்கால அட்டவணையின் அடையாளமாக மட்டும் பார்த்து ஜெபிப்பதை நான் அன்பு என்று கொள்ள மாட்டேன். அவர்களுடைய பிள்ளைகளின் பாதுகாப்புக்காகவும், அவர்களோடு அந்த மண்ணில் வாழும் எல்லாருடைய சமாதானத்துக்காகவும் வேண்டுவதையே எங்கள் அணி ஜெபம் என்கிறது. அந்த ஜெபத்தின் சார்பில் தீர்ப்பு வழங்குமாறு நடுவர் அவர்களைக் கேட்டு அமர்கிறேன்.