ஃபேன் சுற்றுகிறது, டிஸ்பிளே வரவில்லை: காப்பாற்றியது கல்யாண பென் டிரைவ்

மக்களே, டிஸ்பிளே வந்துவிட்டது! கொஞ்சம் நகர்ந்துகொள்கிறேன், பின்னால் மானிட்டரைப் பாருங்கள். பயாஸ் திரை, அதாவது விண்டோஸுக்கு முன்னால் கம்ப்யூட்டரை எழுப்புகிற மென்பொருளின் திரை. கீழே ஓர் ஓரத்தில் பிராசசர் பெயர்கூட வந்திருக்கிறது. தெரிகிறதா? சரி.

போன வீடியோ பார்க்காதவர்களுக்காக ஒரு வரி மட்டும். அத்தை பையன் ஆர்க்கிடெக்சர் படிக்கிறான், அவனுக்காக அசெம்பிள் பண்ணிய கம்ப்யூட்டர் இது. பவர் பட்டனை அமுக்கியதும் எல்லா ஃபேனும் சுற்றின. அவன் அடம்பிடித்து வாங்க வைத்த ஆர்ஜிபி பட்டை ஊதா, பச்சை என்று மாறி மாறி எரிந்தது. மானிட்டர் மட்டும் 'நோ சிக்னல்' என்று சொல்லிவிட்டுத் தூங்கப் போய்விட்டது. அந்த இடத்தோடு வீடியோவை நிறுத்தியிருந்தேன்.

அதற்குக் கீழே நீங்கள் போட்ட கமெண்டுகளுக்கு வருகிறேன். பாதிப் பேர் 'அண்ணா, வேற ரேம் போட்டுப் பாருங்க'. மீதிப் பேர் 'ரேமைக் கழற்றி ரப்பர் வைத்துத் தேய்த்துப் போடுங்க'. தேய்க்கிற வைத்தியம் பத்து வருஷம் ஓடின பழைய கம்ப்யூட்டருக்குச் சரி, அதில் அழுக்கு படிந்திருக்கும். அன்றைக்குக் காலையில் உறை பிரித்த ரேமை எதற்கு நான் தேய்க்க வேண்டும்?

வேறு ரேம் போட்டுப் பார்ப்பதா? எங்கே இருக்கிறது வேறு ரேம்? இந்த போர்டுக்கு வேண்டிய புதுத் தலைமுறை டிடிஆர்5 ரேம் இப்போது என்ன விலை தெரியுமா? 2025 கடைசியில் ஏற ஆரம்பித்தது. ஏஐ டேட்டா சென்டர்களுக்கே எல்லா மெமரி சிப்பும் போகிறது, நமக்கு மிச்சம்தான். மைக்ரான் கம்பெனி அந்த டிசம்பரில், நம்மைப் போன்ற ஆட்கள் வாங்குகிற குரூஷியல் பிராண்டையே நிறுத்தப் போவதாக அறிவித்தது. இந்த பில்லில் பிராசசருக்குக் கொடுத்ததைவிட ரேமுக்கு அதிகம் கொடுத்திருக்கிறேன். பிராசசரைவிட ரேம் விலை அதிகம்! நான் கம்ப்யூட்டர் கட்ட ஆரம்பித்த காலத்தில் மிச்சக் காசில் வாங்குகிற பொருள் அது. இரண்டு குச்சி, 16, 16 ஜிபி. அதை வாங்கியதும் சட்டைப் பையில் போட்டு, பையைக் கையால் பொத்திக்கொண்டே மின்சார ரயிலில் வீட்டுக்கு வந்தேன். இந்த விலையில் சோதித்துப் பார்க்க இன்னொரு ஜோடியாம். யாரிடமாவது இருந்தால் சொல்லுங்கள், நானே வந்து வாங்கிக்கொள்கிறேன்.

எங்கே விட்டேன்? கடை. மதர்போர்டு, அதாவது எல்லாப் பொருளும் சொருகுகிற பலகை, அதை வாங்கின சென்னை ரிச்சி தெரு கடைக்கு போன் பண்ணினேன். பெயர் வேண்டாம். 'போர்டு டெட்டா இருக்கும் சார், எடுத்துட்டு வாங்க, செக் பண்ண 1,500 ரூபாய்' என்றார்கள். போர்டைக் கண்ணால்கூடப் பார்க்கவில்லை, போனிலேயே இறப்புச் சான்றிதழ். விற்றது நீங்கள், பில் உங்களுடையது, வாரண்டி ஓடிக்கொண்டிருக்கிறது, அதைப் பார்க்க நான் 1,500 ரூபாய் தர வேண்டுமா? அந்தப் பணத்துக்குக் கொஞ்சம் மேலே போட்டால் ஒரு நல்ல கீபோர்டு வரும். 'பார்க்கிறேன்' என்று சொல்லி வைத்துவிட்டேன்.

என் வழக்கம் உங்களுக்குத் தெரியும். டிஸ்பிளே வரவில்லை என்றால் பொருளை மாற்ற மாட்டேன், கழற்றிக்கொண்டே போவேன். முதலில் கிராபிக்ஸ் கார்டை எடுத்தேன். எடுத்துவிட்டு மானிட்டர் ஒயரை மதர்போர்டில் நேராகச் சொருகினேன். இது ரைசன் 5 9600எக்ஸ், உள்ளேயே சின்னதாக ஒரு கிராபிக்ஸ் இருக்கிறது. பெயர் எஃப் என்று முடிகிற பிராசசர்களில் அது கிடையாது. சில ஆயிரம் மிச்சம் பிடிக்க எஃப் வாங்காதீர்கள் என்று நான் கத்துவது இந்த மாதிரி நாளுக்காகத்தான். அப்போதும் படம் வரவில்லை. ஆக, கார்டு மேல் தப்பில்லை.

அப்புறம் எஸ்எம்பிஎஸ், எல்லாவற்றுக்கும் கரண்ட் பிரித்துக் கொடுக்கிற பெட்டி. ஃபேன் சுற்றுகிறது என்பதற்காக அதைச் சும்மா விட முடியாது, ஆனால் நான் பார்த்தது முக்கியமாக ஒன்றுதான்: போர்டின் மேல் மூலையில் பிராசசருக்கென்று தனியாக வருகிற 8 முனை இணைப்பு. அது இல்லாவிட்டாலும் ஃபேன் சுற்றும், விளக்கு எரியும், படம் வராது. கேபினட்டைப் பூட்டிய பிறகு அந்த மூலைக்குள் விரல் போகாது என்பதால் பலர் அதைப் பாதியில் விட்டுவிடுவார்கள். எனக்கு முழுசாகத்தான் இறங்கியிருந்தது. ரேமும் பிராசசரிலிருந்து எண்ணினால் இரண்டாவது, நான்காவது ஸ்லாட்டில் சரியாக இருந்தது. ஒற்றைக் குச்சி மட்டும் போட்டுப் பார்த்தேன், மாற்றிப் போட்டுப் பார்த்தேன். அதே இருட்டு.

அடுத்து போர்டையே கேபினட்டிலிருந்து வெளியே எடுத்து, அது வந்த அட்டைப் பெட்டி மேல் வைத்தேன். பின்பக்கம் தேவையில்லாத இடத்தில் ஒரு பித்தளை ஸ்டாண்ட்ஆஃப் (போர்டைத் தாங்குகிற குட்டித் தண்டு) முட்டிக்கொண்டிருந்தால் ஷார்ட் ஆகும், அப்படி இல்லை என்று உறுதிப்படுத்திக்கொள்ளத்தான். பவர் பட்டன்கூட வேண்டாம், பவர் எஸ்டபிள்யு என்று எழுதிய இரண்டு ஊசியை ஸ்க்ரூ டிரைவர் நுனியால் ஒரு கணம் தொட்டால் போதும். பிராசசரைத் தூக்கி, டார்ச்சைச் சாய்த்துப் பிடித்து அது உட்காருகிற சாக்கெட்டையும் பார்த்தேன். ஏஎம்5 சாக்கெட்டில் 1,718 ஊசிகள். முந்தைய ஏஎம்4-இல் ஊசியெல்லாம் பிராசசரில் இருந்தது, இப்போது போர்டில். ஒன்றுகூட வளையவில்லை. நிம்மதிதான், ஆனால் அந்த நேரத்தில் இன்னும் குழப்பம்.

இங்கேதான் அந்தக் குட்டி விளக்கு. இதை முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும், ரேம் விலையில் மறந்துபோனேன். இப்போது வருகிற பல போர்டுகளில் ஓரமாக நான்கு புள்ளி விளக்கு இருக்கும்: சிபியு (பிராசசர்), டிராம் (ரேம்), விஜிஏ (கிராபிக்ஸ்), பூட் (விண்டோஸ் இருக்கிற டிஸ்க்). கம்ப்யூட்டர் எழும்போது எந்த இடத்தில் நிற்கிறதோ அந்த விளக்கு எரிந்தபடியே இருக்கும். எனக்கு சிபியு விளக்கு அணையவே இல்லை. ரேம் வரைக்கும் போகவே இல்லை மக்களே! நீங்கள் ரப்பரோடு நிற்கிறீர்கள். இவ்வளவு உபயோகமான விளக்கை மிளகு அளவுக்குக்கூட வைக்க மாட்டார்கள், பக்கத்தில் எழுத்து லென்ஸ் வைத்தால்தான் தெரியும். ஆர்ஜிபி பட்டைக்கு மட்டும் ஒரு அடி நீளம். எந்த ரசனை இது?

சிபியு விளக்கு, ஊசி எல்லாம் சரி, கரண்ட் சரி. அப்போதுதான் 24 முனை இணைப்பின் பக்கவாட்டில் ஒட்டியிருந்த வெள்ளை ஸ்டிக்கரில் பயாஸ் பதிப்பு எண்ணைப் பார்த்தேன். போர்டு கம்பெனியின் தளத்தில் எந்தப் பிராசசருக்கு எந்த பயாஸிலிருந்து ஆதரவு என்று ஒரு பட்டியல் இருக்கும். இந்த போர்டில் இருக்கிற முக்கிய சிப், அதாவது சிப்செட், பி650. அது 2022 அக்டோபரில் வந்தது. 9600எக்ஸ் வந்தது 2024 ஆகஸ்டில். இந்த போர்டு கடையில் எவ்வளவு காலம் தூசி தின்றதோ, அதன் பயாஸ் என் பிராசசர் பிறப்பதற்கு முந்தையது. சாக்கெட் பொருந்தும், கரண்ட் போகும், ஆனால் வாசலில் வாட்ச்மேன் கையில் இருக்கிற பழைய லிஸ்டில் பெயர் இல்லை, அதனால் உள்ளே விடவில்லை. போர்டும் டெட் இல்லை, பிராசசரும் டெட் இல்லை. புது போர்டுகளின் பெட்டியில், என் 9600எக்ஸ் சேர்ந்த 9000 வரிசைக்குத் தயார் என்று ஒட்டியிருப்பார்கள், இதில் அது இல்லை. பழைய ஸ்டாக் என்று விற்கும்போது ஒரு வார்த்தை சொன்னால் என்ன கடைக்காரரே?

பயாஸை அப்டேட் பண்ண வேண்டும், ஆனால் அதற்குக் கம்ப்யூட்டர் எழ வேண்டும், எழத்தான் பயாஸ் வேண்டும். நல்லவேளை, கம்ப்யூட்டர் எழாமலேயே பயாஸை மாற்றுகிற பயாஸ் ஃப்ளாஷ்பேக் பட்டன் இந்த போர்டின் பின்னால் இருந்தது. பிராசசர் வேண்டாம், ரேம் வேண்டாம், 24 முனை, 8 முனை கரண்ட் இரண்டும் போதும். எல்லா போர்டிலும் இந்தப் பட்டன் கிடையாது. விலை குறைந்த போர்டுகளில் முதலில் வெட்டுவது இதைத்தான். ஆர்ஜிபி இணைப்பை வெட்ட மாட்டார்கள்.

ஃப்ளாஷ்பேக்குக்குப் புது பயாஸை வைக்க ஒரு பென் டிரைவ் வேண்டும், ஃபேட்32 முறையில் ஃபார்மட் பண்ணியது. என் வீட்டில் இருப்பதெல்லாம் 64, 128 ஜிபி. விண்டோஸில் வலது கிளிக் பண்ணி ஃபார்மட் கொடுத்தால் 32 ஜிபிக்கு மேல் அந்த ஃபேட்32 என்கிற தேர்வே வராது. வேறு மென்பொருள் வைத்துச் செய்யலாம், தெரியும், கமெண்டில் எழுத வேண்டாம். டிராயர் டிராயராகத் தேடினேன். பழைய சார்ஜர், ஏர்டெல் டாங்கிள், இரண்டு கால்குலேட்டர். கடைசியில் பீரோவில் அக்கா கல்யாண ஆல்பத்தோடு ஒரு மரப்பெட்டி! போட்டோகிராபர் கொடுத்தது, மேலே மாமா, அக்கா படம் அச்சடித்த 16 ஜிபி பென் டிரைவ். முகூர்த்தம், ரிசப்ஷன், ஊஞ்சல் எல்லாம் அதில். அக்கா, பதறாதே, எல்லாவற்றையும் என் ஹார்ட் டிஸ்கில் இரண்டு இடத்தில் காப்பி பண்ணிவிட்டுத்தான் அழித்தேன். மாமா நாதஸ்வரக்காரரிடம் சண்டை போடுகிற அந்தப் பகுதி உட்பட.

லேப்டாப்பில் புது பயாஸை இறக்கி, ஜிப்பைப் பிரித்து, போர்டு மேனுவல் சொல்கிற அதே பெயரை ஃபைலுக்கு வைத்து, எந்த ஃபோல்டருக்குள்ளும் போடாமல் நேராக வைத்தேன். பின்னால் இதற்கென்று குறித்திருக்கிற ஒரே ஒரு யுஎஸ்பி துளையில்தான் சொருக வேண்டும், பக்கத்துத் துளையில் வேலை நடக்காது. நடுவில் கரண்ட் போனால் போர்டு உண்மையிலேயே டெட் ஆகலாம். அன்றைக்கு எங்கள் ஏரியாவில் மாதாந்திரப் பராமரிப்பு, 9 மணியிலிருந்து 2 மணி வரை கரண்ட் இல்லை. வந்த பிறகும் நம்பவில்லை, சாயந்திரம் வரை பொறுத்து யுபிஎஸ்ஸில் போட்டுத்தான் பட்டனை அமுக்கினேன். பட்டன் பக்கத்து விளக்கு சிமிட்ட ஆரம்பித்தது. சிமிட்டி முடிகிற வரை அம்மாவைக்கூட மிக்சி போட விடவில்லை. யுபிஎஸ்ஸுக்கும் மிக்சிக்கும் சம்பந்தம் இல்லைதான், இருந்தாலும்.

விளக்கு அணைந்தது. பிராசசர், ரேம், கூலர் எல்லாம் திரும்பப் போட்டு ஆன் பண்ணினேன். சிபியு விளக்கு அணைந்துவிட்டது! நேராக டிராம் விளக்கு எரிந்தது. எரிந்தபடியே இருக்கிறது. திரை இருட்டு. இந்த இடத்தில்தான் நிறைய பேர் சுவிட்சை அணைத்துவிட்டு போர்டைக் கடைக்குத் தூக்குகிறார்கள். அணைக்காதீர்கள். டிடிஆர்5 முதல் தடவை எழும்போது பிராசசர் ஒவ்வொரு மெமரி கோட்டுக்கும் நேரமும் வோல்டேஜும் சரிபார்க்கும், மெமரி டிரெயினிங் என்பார்கள். சில நிமிஷம் ஆகும், பயாஸை மாற்றினால் மறுபடியும் முதலிலிருந்து செய்யும். நான் சமையலறைக்குப் போய் காபி கலந்து எடுத்து வந்தேன், அறைக்குள் நுழையும்போது மானிட்டர் எழுந்து நின்றது. கத்திவிட்டேன். எதிர்வீட்டு மாமி ஜன்னலைத் திறந்து எட்டிப் பார்த்தார்.

இப்போது இந்தத் திரையில் எக்ஸ்போ என்கிற தேர்வை ஆன் பண்ணப் போகிறேன். அதைப் போடாவிட்டால் பெட்டியில் எழுதியிருக்கிற வேகத்தில் ரேம் ஓடாது, அவ்வளவு விலை கொடுத்தது வீண். எஃப்10 அமுக்கி சேவ் பண்ணினால் மறுபடியும் இருட்டு, மறுபடியும் டிரெயினிங். அது முடிந்தால் விண்டோஸ் போடுவதை அடுத்த வீடியோவில் பார்க்கலாம். 1,500 ரூபாய் மிச்சம் என்பதை அத்தை பையனிடம் சொல்லவில்லை, சொன்னால் அதற்கும் ஒரு ஆர்ஜிபி ஃபேன் கேட்பான். அமுக்குகிறேன்.