ஞாயிற்றுக்கிழமை இரவைத் தாண்டுவது

நேயர்களுக்கு வணக்கம். சிறுநீரகம் செயலிழந்தவர்களின் ரத்தத்தை மெஷினில் சுத்தம் செய்யும் டயாலிசிஸ் பிரிவில் 18 வருஷமாகச் செவிலியராக இருக்கிறேன். இத்தனை வருஷத்துக்குப் பிறகும் திங்கள்கிழமை காலை வேலைக்குப் போகும்போது மனசு கொஞ்சம் அடித்துக்கொள்ளும். வெள்ளிக்கிழமை சிரித்துப் பேசிவிட்டுப் போன எல்லாரும் வந்துவிட்டார்களா என்றுதான் முதலில் பார்ப்பேன்.

திங்கள், புதன், வெள்ளி என்று வருகிறவர்களுக்கு வெள்ளிக்கு அப்புறம் இரண்டு நாள் முழுசாக இடைவெளி. அமெரிக்காவில் 32,000-க்கும் மேற்பட்ட டயாலிசிஸ் நோயாளிகளைப் பற்றிய ஆய்வு 2011-ல் வெளியானது. மரணமும், மாரடைப்பு, இதயச் செயலிழப்பு என்று ஆஸ்பத்திரியில் சேர்வதும், இந்த நீண்ட இடைவெளிக்கு அடுத்த நாளில்தான் அதிகம் என்று அதில் தெரிந்தது. நம் ஊரில் காசுக்காகவும் பஸ்ஸுக்காகவும் வாரம் இரண்டே முறை வருகிறவர்கள் நிறையப் பேர். அவர்களுக்கு இடைவெளி இன்னும் நீளம்.

சிறுநீரகம் கெட்டவர் வீட்டில் எல்லாரும் கேட்பது, "கிரியாட்டினின் எவ்வளவு?" என்றுதான். சிறுநீரகம் எவ்வளவு வேலை செய்கிறது என்று காட்டும் ரத்தப் பரிசோதனை அளவு அது. இதயத்தைப் பற்றி யாரும் கேட்பதில்லை. ஆனால் நாங்கள் அதிகம் பேரை இழப்பது இதயத்தால்தான். 1836-லேயே லண்டனில் ரிச்சர்ட் பிரைட் என்ற மருத்துவர், சிறுநீரக நோயால் இறந்தவர்களுக்கு இதயம் பெருத்திருப்பதைக் கவனித்து எழுதிவைத்தார். காரணம் ஒன்றிரண்டு இல்லை. ரத்த அழுத்தம் ஏறுகிறது. ரத்தம் ஊறச் செய்யும் ஹார்மோன் குறைந்து ரத்தசோகை வருகிறது. பாஸ்பரஸ் தேங்கி, ரத்தக் குழாய்ச் சுவரில் சுண்ணாம்பு படிகிறது. வெளியேற வழியில்லாத தண்ணீர் வேறு. இத்தனையையும் தாங்கிக்கொண்டு இதயம் இரவு பகலாக உழைக்கிறது.

தண்ணீரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். திங்கள்கிழமை எடை மெஷினில் ஏறும்போது நான்கு கிலோ கூடியிருந்தால் அது சதை இல்லை, நான்கு லிட்டர் தண்ணீர். "படுக்கவே முடியல சிஸ்டர், சுவரில் சாய்ந்தே உட்கார்ந்திருந்தேன்" என்பார்கள். நுரையீரலில் நீர் கோத்திருக்கும். அந்த நான்கு லிட்டரை நான்கு மணி நேரத்தில் இழுத்து எடுத்தால் பிரஷர் சடாரென்று இறங்கும். அதுவும் இதயத்துக்கு அடிதான். தண்ணீரைக் குறையுங்கள் என்று மட்டும் சொல்லிப் பயனில்லை. ஊறுகாயும் அப்பளமும் கருவாடும் தட்டில் இருக்கும்வரை தாகம் எப்படி அடங்கும்? முதலில் உப்பைத்தான் குறைக்க வேண்டும்.

அடுத்தது பொட்டாசியம். சாப்பாட்டில் இருந்து வரும் தாது உப்பு இது; சிறுநீரகம் வெளியேற்றாமல் ரத்தத்தில் தேங்கினால் இதயத் துடிப்பையே கெடுக்கும். ஒரு மே மாதம், ஒரு பெரியவரைத் தோளில் தாங்கியபடி அவர் மகன் கூட்டிவந்தார். கால் துவண்டுவிட்டது, நெஞ்சு வலி எதுவும் இல்லை. நாடி நிமிஷத்துக்கு 36. இசிஜி காகிதத்தில் அலைகள் கூடாரம் போல் கூராக நின்றன. பொட்டாசியம் 5-க்குள் இருக்க வேண்டியது, அவருக்கு 7.8. கால்சியம் ஊசியை மெதுவாக ஏற்றிக்கொண்டே மெஷினில் போட்டோம். பிழைத்தார். அப்புறம் கேட்டால், "சூட்டுக்கு நல்லதென்று பேத்தி இளநீர் வாங்கித் தந்தாள்" என்றார். இளநீரில் பொட்டாசியம் அதிகம். அந்தக் குழந்தை பாசத்தோடு கொடுத்தது. அது தாத்தாவின் இதயத்தையே நிறுத்தியிருக்கும் என்று அவளுக்கு யார் சொல்லியிருப்பார்கள்? பிரஷருக்கு நல்லது என்று கடையில் விற்கும் சோடியம் குறைந்த உப்பும் அப்படித்தான். அதில் சோடியத்துக்குப் பதிலாகப் பொட்டாசியம் இருக்கிறது. டாக்டரைக் கேட்காமல் வாங்காதீர்கள்.

வயிற்றுக்குள் திரவம் விட்டு வீட்டிலேயே தினமும் செய்கிற டயாலிசிஸும் உண்டு. அதில் இந்த இரண்டு நாள் இடைவெளியே கிடையாது. மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் அதற்கான திரவப் பைகளை வீட்டுக்கே கொண்டுவந்து கொடுக்கிறார்கள். சுத்தமாகச் செய்ய வீட்டில் ஆள் இருந்தால் டாக்டரிடம் கேட்டுப் பாருங்கள்.

இன்னும் டயாலிசிஸ் வரை போகாதவர்களும் கேட்டுக்கொண்டிருப்பீர்கள். சர்க்கரையோ பிரஷரோ இருந்தால் வருஷத்துக்கு ஒரு முறையாவது சிறுநீரில் அல்புமின் என்ற புரதம் கசிகிறதா என்று பரிசோதித்துப் பாருங்கள். அது கசிகிறதென்றால் சிறுநீரகத்தோடு இதயமும் ஆபத்தில் இருக்கிறது. சர்க்கரைக்கென்று வந்த டாபாகிளிஃப்ளோசின் போன்ற மாத்திரைகள் இரண்டையும் காப்பது இப்போது உறுதியாகியிருக்கிறது. உங்களுக்குப் பொருந்துமா என்று டாக்டர்தான் சொல்ல வேண்டும்.

கடைசியாக ஒன்று. கல்யாணம், திருவிழா என்று ஒரு டயாலிசிஸைக்கூடத் தள்ளிப் போடாதீர்கள். ஞாயிறு ராத்திரி மூச்சு வாங்கினாலோ, கால் துவண்டாலோ, நெஞ்சு படபடத்தாலோ, எப்படியும் காலையில் போகப் போகிறோமே என்று காத்திருக்க வேண்டாம். உடனே 108-ஐக் கூப்பிடுங்கள். வண்டி வந்ததும் முதல் வார்த்தையாக "டயாலிசிஸ் நோயாளி" என்று சொல்லுங்கள். ஃபிஸ்டுலா, அதாவது டயாலிசிஸுக்காக ரத்தக் குழாய்களை இணைத்து வைத்திருக்கும் கையில் ஊசி போடவோ பிரஷர் பார்க்கவோ விடாமல் மறு கையைக் காட்டுங்கள்.

நன்றி, வணக்கம்.