சர்க்கரைக்குக் கதவு திறக்கும் உப்பு

கொடைக்கானல் வானொலி நேயர்கள் அனைவருக்கும் என் அன்பான வணக்கம்.

நான் பிறந்தது தாண்டிக்குடிக்குப் பக்கத்தில், ஒரு காப்பித் தோட்டத்து லயன் வீட்டில். எனக்கு ஏழு வயதிருக்கும்போது, ஐப்பசி அடைமழையில் என் தங்கைக்குப் பேதி கண்டது. வத்தலக்குண்டுக்குப் போகும் பாதையில் மண் சரிந்து கிடந்தது; ஜீப் வர வழியில்லை. பேதி காணும் பிள்ளைக்குத் தண்ணீர் கொடுத்தால் இன்னும் அதிகமாகப் போகும் என்று அக்கம்பக்கத்தார் தடுத்தார்கள். அப்பத்தா கேட்கவில்லை. அரிசியைக் குழையக் காய்ச்சி, கஞ்சித் தெளிவில் கல்லுப்பைக் கரைத்து, பாலாடைச் சங்கால் இரவு முழுவதும் புகட்டினார். வாந்தி எடுத்தால் சற்றுப் பொறுப்பார், மறுபடி புகட்டுவார். விடியற்காலையில் தங்கை பாயை நனைத்தாள். “நீர் இறங்கிவிட்டது, இனிப் பயமில்லை” என்றார் அப்பத்தா.

குடல் வாங்கிக்கொண்டதா என்பதைச் சிறுநீரகத்தைக் கொண்டு அறிந்திருக்கிறார். அந்த இரண்டு உறுப்புகளின் செல் சவ்வுகளைப் பற்றித்தான் நான் பிற்பாடு முப்பது ஆண்டுகள் வேலை பார்த்தேன்.

சிறுகுடலின் உட்புறச் செல்லை நுண்ணோக்கியில் பார்த்தால், அதன் மேற்பரப்பு தூரிகை போல மயிர்மயிராக நிற்கும். சிறுநீரகத்தின் நுண்குழாய்ச் செல்லுக்கும் அதே தூரிகை உண்டு. அந்தத் தூரிகையைப் போர்த்தியிருக்கும் சவ்வின் கனம், ஒரு மில்லிமீட்டரைப் பத்து லட்சம் பங்காக்கினால் அதில் எட்டுப் பத்துப் பங்குதான். அது கொழுப்பால் ஆனது. சர்க்கரை கொழுப்பில் கரையாது. அப்படியானால் சாப்பிட்ட சோற்றிலிருந்து பிரிந்த குளுக்கோஸ் எப்படி உள்ளே போகிறது?

இதைச் சோதிக்க நாங்கள் செய்ததைச் சொல்கிறேன். முயலின் சிறுகுடலைப் பனிக்கட்டித் தட்டில் வைத்து நீளவாக்கில் பிளப்போம். கண்ணாடிச் சில்லின் விளிம்பால் உட்புறத்தை வழித்தால், பனங்கூழ் போலக் கொழகொழவென்று வரும். அதைக் குளிர்ந்த கரைசலில் அரைத்துக் கொஞ்சம் கால்சியம் குளோரைடு சேர்ப்போம். மற்ற சவ்வுகளெல்லாம் திரிந்து அடியில் இறங்கும். தூரிகைச் சவ்வு மட்டும் தெளிவிலேயே நிற்கும். அந்தத் தெளிவை வேகமாகச் சுழற்றினால் குழாயின் அடியில் ஊறவைத்த ஜவ்வரிசி போல ஒரு சிறு துளி தங்கும். அந்தத் துளிக்குள் கோடிக்கணக்கான நுண்பைகள்: செல் இல்லை, உயிர் இல்லை, எரிபொருள் இல்லை, சவ்வு மட்டுமே.

கதிரியக்க அடையாளமிட்ட குளுக்கோஸை அந்தப் பைகளோடு கலந்து, நிறுத்துகடிகாரத்தைத் தட்டிவிட்டு, குறித்த நொடியில் பனிநீரை ஊற்றி நிறுத்தி, வடிதாளில் உறிஞ்சி எடுத்து, பைக்குள் எவ்வளவு போயிருக்கிறது என்று எண்ணுவோம். வெளியே பொட்டாசியம் உப்பு இருந்தால் குளுக்கோஸ் மெல்ல மெல்ல நுழையும். வெளியே, கல்லுப்பிலும் இருக்கும் சோடியத்தின் உப்பை வைத்தால், ஒரு நிமிடத்துக்குள் பைக்குள்ளே குளுக்கோஸின் செறிவு வெளியே இருப்பதைவிடப் பல மடங்காகும். பிறகு சோடியம் இருபுறமும் சமமானதும் மெல்ல இறங்கிவிடும். அந்த வரைபடத்தை நானே முதன்முறை வரைந்த இரவில் எனக்குத் தூக்கம் வரவில்லை. கஞ்சித் தெளிவில் அப்பத்தா கரைத்த கல்லுப்பு அந்தத் தாளில் ஒரு மேடாக எழுந்து நின்றது.

பழனி மலையில் விஞ்ச் ஏறியவர்களுக்கு இது எளிதில் பிடிபடும். ஒரு பெட்டி இறங்கும்போது அதன் எடை மற்றொரு பெட்டி ஏற உதவுகிறது அல்லவா? செல்லுக்கு வெளியே சோடியம் மிகுதி, உள்ளே குறைவு. ஆகவே உள்ளே வருவது சோடியத்துக்கு இறக்கம். சவ்வில் பதிந்திருக்கும் ஒரு புரதம், உள்ளே இறங்கும் சோடியத்தோடு சேர்த்துக் குளுக்கோஸையும் மேடேற்றிவிடுகிறது. விஞ்சிலே பெட்டிகள் எதிரெதிராகப் போகும், இங்கே இருவரும் ஒரே பெட்டியில் வருகிறார்கள். அது ஒன்றுதான் வேறுபாடு. உள்ளே வந்த சோடியத்தைச் செல்லின் மறுபக்கத்திலுள்ள ஒரு பம்பு ஓயாமல் வெளியே இறைக்கிறது. அந்தப் பம்பை 1957-இல் கண்டு சொன்ன டென்மார்க்கின் யென்ஸ் ஸ்கூவுக்கு, நாற்பது ஆண்டுகள் கழித்து 1997-இல் நோபல் பரிசு கிடைத்தது.

சோடியமும் குளுக்கோஸும் சேர்ந்தே நுழைகின்றன என்ற கருத்தை அமெரிக்க உயிர்வேதியியலாளர் ராபர்ட் கிரேன் 1960-இல் பிராக் நகரில் ஒரு கருத்தரங்கில் முன்வைத்தார். காலரா நஞ்சு குடலிலிருந்து நீரைக் குடம் குடமாக வெளியேற்றினாலும், இந்த ஒரு கதவை மட்டும் கெடுப்பதில்லை. உப்பும் சர்க்கரையும் உள்ளே போனால், பின்னாலேயே தண்ணீரும் போகும். 1971-இல் வங்கதேச அகதிகள் குவிந்திருந்த, மேற்கு வங்கத்தின் எல்லையோர ஊரான பொங்காவில், ஊசிவழி ஏற்றும் திரவம் தீர்ந்துபோனபோது, டாக்டர் திலீப் மஹலானபிஸ் உப்பையும் குளுக்கோஸையும் கரைத்து டிரம்களில் வைத்துக் குடிக்கக் கொடுத்தார். சுமார் 30 சதவீதமாக இருந்த இறப்பு 4 சதவீதத்துக்கும் கீழே வந்தது. முயல் குடலில் இத்தனை ஆண்டுகள் என்ன தேடுகிறீர்கள் என்று என்னைக் கேட்டவர்களுக்கெல்லாம் நான் இந்தக் கணக்கைத்தான் சொன்னேன்.

சிறுநீரகத்தின் வேலை இன்னும் பெரிது. ஒரு நாளில் சுமார் 180 லிட்டர் நீரை அது வடிக்கிறது. அதோடு ஏறக்குறைய 160 முதல் 180 கிராம் குளுக்கோஸும் வடிந்து இறங்குகிறது. அத்தனையையும், ஏறக்குறைய ஒரு சிட்டிகைகூட வீணாகாமல், நுண்குழாயின் தூரிகைச் சவ்வு திரும்ப வாங்கிவிடுகிறது.

சர்க்கரைக்குக் கதவு கிடைத்தது, பருப்புக்கு? புரதம் முழுவதும் தனித்தனி அமினோ அமிலமாக உடைந்த பிறகே உள்ளே போகும் என்று நெடுங்காலம் நம்பினார்கள். ஹார்ட்நப் என்றொரு பிறவிக் குறை உண்டு. 1956-இல் லண்டனில் ஒரு குடும்பத்தில் முதலில் கண்டறியப்பட்டது. அவர்களுக்குக் குடலிலும் சிறுநீரகத்திலும் சில அமினோ அமிலங்களுக்கான கதவு வேலை செய்யாது. ஆனாலும் அவர்களில் பெரும்பாலோர் உடல் வற்றிப் போகவில்லை. இரண்டு மூன்று அமினோ அமிலங்கள் கோத்த சிறு துண்டுகளாகவே அவை வேறொரு கதவு வழியாக நுழைந்துகொண்டிருந்தன.

அந்தக் கதவுக்குச் சோடியம் நேரடியாகத் தேவையில்லை. புரோட்டான், அதாவது அமிலத்தன்மைதான் அதை இயக்குகிறது என்பதை முயலின் குடல், சிறுநீரகம் இரண்டின் நுண்பைகளிலும் 1983-இல் காட்டியவர்களில் ஒருவர் வடிவேல் கணபதி. அமெரிக்காவின் ஜார்ஜியா மருத்துவக் கல்லூரியில் பிரெடரிக் லைபாக்குடன் சேர்ந்து செய்த ஆய்வு அது. பழனி அடிவாரத்தில் தெருவுக்குத் தெரு கேட்கும் பெயர். நம் பாடநூல்களில் அதைக் காணும் நாளுக்குக் காத்திருக்கிறேன். தொண்டைப் புண்ணுக்கு நீங்கள் விழுங்கும் செஃபாலெக்சின் மாத்திரைகூட அந்தக் கதவு வழியாகத்தான் குடலைக் கடக்கிறது.

இந்த மலைக்காரர்களுக்கு இன்னொரு செய்தி. ஆப்பிள் மரத்தின் வேர்ப்பட்டையிலிருந்து 1835-இல் ஃபுளோரிசின் என்ற கசப்புப் பொருளைப் பிரித்தார்கள். அதைக் கொடுத்தால் சிறுநீரில் சர்க்கரை இறங்குகிறது என்று 1886-இல் ஜெர்மன் மருத்துவர் ஃபான் மேரிங் கண்டார். அது சிறுநீரகத்தின் குளுக்கோஸ் கதவை அடைக்கிறது. இன்று சர்க்கரை நோயாளிகள் சாப்பிடும் டப்பாக்ளிஃப்ளோசின், எம்பாக்ளிஃப்ளோசின் மாத்திரைகள் அந்தப் பட்டையின் வழிவந்தவை. அவற்றைச் சாப்பிடுகிறவர்களுக்குச் சிறுநீரில் சர்க்கரை தெரிந்தால் மிரள வேண்டாம், மருந்து வேலை செய்கிறது என்று பொருள். ஆனால் வாந்தியோ பேதியோ கண்டால், அந்த மாத்திரையைத் தொடரலாமா என்று மருத்துவரிடம் உடனே கேளுங்கள்.

மழைக்காலம் தொடங்குகிறது. மேல்மலைக் கிராமங்களில் இருப்பவர்கள் ஓ.ஆர்.எஸ். என்னும் உப்பு-குளுக்கோஸ் தூள் பொட்டலம் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். பெரிய பொட்டலம் ஒரு லிட்டருக்கு, சின்னது 200 மில்லிக்கு. உறையில் அச்சிட்டிருக்கும் அளவுக்கு, காய்ச்சி ஆறவைத்த தண்ணீரை எடுத்து, அதில் முழுப் பொட்டலத்தையும் கரையுங்கள். இனிப்பு கூடட்டும் என்று சர்க்கரை சேர்க்காதீர்கள். மிகுந்த சர்க்கரை நீரைக் குடலுக்குள் இழுத்துப் பேதியை வளர்க்கும். குளிர்பானமும் அதனாலேயே ஆகாது. பிள்ளை ஆறு மணி நேரம் சிறுநீர் கழிக்காமல் சோர்ந்து கிடந்தால் மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு புறப்படுங்கள். வழியிலும் புகட்டிக்கொண்டே போங்கள். வாந்தி எடுத்தால் பத்து நிமிடம் பொறுத்து, ஒவ்வொரு கரண்டியாக மறுபடி தொடங்குங்கள்.