"சுத்தமான புத்தகப் பட்டியல் ஒண்ணு தாங்க": சபை வாசிப்புக் குழுவிலிருந்து வந்த கேள்விக்கு விளக்கம்

எல்லாருக்கும் வணக்கம். இன்னைக்கு சந்தேகங்களுக்கு விளக்கம் பகுதியில ஒரே ஒரு கேள்விதான். இதை எடுத்தா மத்ததுக்கு நேரம் இருக்காதுன்னு தெரிஞ்சேதான் எடுத்திருக்கேன்.

திருநெல்வேலிப் பக்கம் ஒரு சேகரத்திலேருந்து (பக்கத்துச் சபைகள் சேர்ந்த அமைப்பு) ஒரு சகோதரி எழுதியிருக்காங்க. பெண்கள் ஐக்கியத்துல பன்னிரண்டு பேர் சேர்ந்து மாசம் ஒரு புத்தகம் வாசிக்கிறாங்க. ஒருத்தங்க, "சுத்தமான புத்தகம், தைரியமா வாசிங்க"ன்னு ஒரு நாவலைச் சொல்லியிருக்காங்க. பாதி வாசிக்கும்போது ஒரு படுக்கையறைக் காட்சி. ரெண்டு பேர் குழுவை விட்டே போயிட்டாங்க. சொன்னவங்க சங்கடத்துல கூட்டத்துக்கே வர்றதில்லையாம். "பயமில்லாம கொடுக்கிற மாதிரி ஐம்பது புத்தகத்தோட பட்டியல் தாங்க"ன்னு கேக்கறாங்க.

பட்டியல் தரமாட்டேன்மா. கோவிச்சுக்காதீங்க. தந்தா என்ன ஆகும்னு பாருங்க. அதுல இருக்கிற இருபதாவது புத்தகத்துல ஒரு குடிகாரன் மனைவியை அடிப்பான். உங்க குழுவுல ஒருத்தங்க அதைத் தாண்டிப் போயிடுவாங்க, இன்னொருத்தங்களால முடியாது. மறுபடியும் ரெண்டு பேர் விலகுவாங்க. எனக்குச் சுத்தமாத் தெரியறது உங்களுக்கு அப்படித் தெரியாது. உங்களுக்குச் சுத்தமாத் தெரியறது உங்க மாமியாருக்கு அப்படித் தெரியாது.

தொடர்ந்து பார்க்கிறவங்களுக்கு நான் அடுத்து என்ன சொல்லப்போறேன்னு தெரியும். நூலகம் பத்திப் பேசினப்பவும் இதையேதான் சொன்னேன். தீர்ப்பு சொல்லாதீங்க, இருக்கிறதைச் சொல்லுங்க. "சுத்தம்"ங்கறது தீர்ப்பு. "பதினாலாவது அத்தியாயத்துல கல்யாணமான ரெண்டு பேருக்கு நடுவுல ஒரு படுக்கையறைக் காட்சி இருக்கு, ஒரு பக்கம் வரும், தாண்டிட்டாலும் கதை புரியும்"ங்கறது தகவல். அந்த நாவலைச் சொன்னவங்க இந்த ஒரு வரியைச் சேர்த்திருந்தா யாரும் விலகியிருக்க மாட்டாங்க.

சினிமாவுக்கு 1952ஆம் வருஷச் சட்டப்படி தணிக்கைச் சான்றிதழ் இருக்கு. இப்ப யு/ஏ-வையே 7, 13, 16 வயசுன்னு பிரிச்சுட்டாங்க. புத்தகத்துக்கு அப்படி ஒரு முத்திரை கிடையாது, வரவும் வேண்டாம். அதனால ஒரு புத்தகத்தை அடுத்தவங்க கையில கொடுக்கிற அந்த ஒருத்தர்தான் அதுக்குப் பொறுப்பு.

எப்படிச் சொல்றது? ஒரு சின்னக் குறிப்பு எழுதுங்க. வாட்ஸ்அப்ல ஒரு செய்திக்குள்ள அடங்கணும். முதல்ல புத்தகத்தோட பேர், ஆசிரியர், மொழிபெயர்ப்புன்னா மொழிபெயர்ப்பாளர், பதிப்பகம், பதிப்பு வருஷம், பக்கம் எத்தனை. இதைப் பலபேர் விட்டுடறாங்க, பாதிச் சிக்கல் இங்கதான் ஆரம்பிக்குது. நீங்க வாசிச்சது சிறுவர்களுக்கான சுருக்கப் பதிப்பா இருக்கும், அவங்க வாங்கினது முழுப் பதிப்பா இருக்கும். ரெண்டும் ரெண்டு புத்தகம். சில பேர் படத்தைப் பார்த்துட்டு புத்தகத்தைச் சிபாரிசு பண்ணுவாங்க. அது கூடவே கூடாது.

அடுத்து கதை என்னன்னு ரெண்டு வரி. அதுக்கப்புறம்தான் முக்கியமான பகுதி. உள்ள என்ன இருக்கு, எந்த அத்தியாயத்துல, எவ்வளவு தூரத்துக்கு. உடலுறவு, வன்முறை, கெட்ட வார்த்தை, குடி, மந்திரம் சூனியம், தற்கொலை, குழந்தையோட சாவு, நம்ம ஊர் நாவல்னா சாதி சொல்லித் திட்டறது. ஒவ்வொண்ணும் எந்த அளவுக்கு வருதுன்னு மூணு விதமாச் சொன்னாப் போதும். பேச்சுவாக்குல வந்து போகுது, காட்சியா வருது, விவரிச்சு நிக்குது. "வன்முறை இருக்கு"ன்னு மட்டும் எழுதினா யாருக்கும் பிரயோஜனமில்லை. ஒருத்தன் செத்தான்னு ஒரு வரியில வர்றதும் அவன் சாகிறதை மூணு பக்கம் கூட இருந்து பார்க்கிறதும் ஒண்ணா?

பக்க எண் வேண்டாம், அத்தியாய எண் போடுங்க. பொன்னியின் செல்வனை எடுத்துக்கோங்க. நாட்டுடைமை ஆனதால எத்தனையோ பதிப்பகங்கள் போட்டிருக்காங்க. ஒருத்தர் புத்தகத்துல 212ஆம் பக்கம் இன்னொருத்தர் புத்தகத்துல 190ஆ இருக்கும். பாகமும் அத்தியாயமும் மாறாது.

கடைசியா, நீங்க அதை எப்ப வாசிச்சீங்கன்னு எழுதுங்க. காலேஜ்ல வாசிச்ச புத்தகத்தை ஞாபகத்துலேருந்து சிபாரிசு பண்ணாதீங்க. ஞாபகம் முடிவைத்தான் வெச்சுக்கும், மனசுல தங்கின ஆறுதலை வெச்சுக்கும். நடுவுல இருந்த மூணு பக்கத்தை வெச்சுக்காது. மறுபடி ஒரு தடவை புரட்டிட்டு எழுதுங்க. புதுசா வாசிக்கிற புத்தகம்னா பென்சில் கையில இருக்கட்டும். உறுத்துற இடத்துல ஓரத்துல ஒரு புள்ளி. முடிச்சதும் புள்ளிகளைத் திருப்பிப் பார்த்தா குறிப்பு தானா எழுதிக்கும். வரிசைப் புத்தகங்கள்னா இன்னும் கவனம். முதல் பாகத்தை மட்டும் வாசிச்சிருந்தா, "முதல் பாகத்துக்கு மட்டும்தான் இந்தக் குறிப்பு"ன்னு போட்டுடுங்க.

ஒரு உதாரணம் காட்டறேன். விக்டர் யூகோ 1862ல எழுதின 'லே மிசராப்ல்'. தமிழ்ல சுத்தானந்த பாரதியார் 'ஏழைபடும் பாடு'ன்னு கொண்டுவந்தார், 1950ல அந்தப் பேர்லயே படமும் வந்தது. சபைக் குழுக்களுக்கு ரொம்பப் பொருத்தமான நாவல், ஏன்னா ஆரம்பமே ஒரு பேராயர்தான். ஆனா "பேராயர் வர்ற கதை, சுத்தமான கதை"ன்னு மட்டும் சொல்லிக் கொடுத்தீங்கன்னா மாட்டிக்குவீங்க. முழுப் பதிப்புக்கு நான் எழுதினா இப்படி எழுதுவேன்:

"முழுப் பதிப்பு, ஐந்து பாகம் (ஒவ்வொரு பாகத்துக்குள்ளும் சில 'புத்தகங்கள்'), 365 அத்தியாயம். முதல் பாகம், ஐந்தாம் புத்தகம், பத்தாம் அத்தியாயம்: ஃபான்டீன் என்ற இளம் தாய் குழந்தைக்காகத் தலைமுடியை விற்கிறாள், பிறகு முன்பற்கள் இரண்டைப் பிடுங்கக் கொடுத்து நாற்பது பிராங்க் வாங்குகிறாள். ரத்தம் வழியும் வாயோடு சிரிக்கிற இடம் மனதைப் பிசையும். அத்தியாய முடிவில் விபசாரத்துக்குத் தள்ளப்படுகிறாள், அது ஒரே வரி. நாவல் முழுக்கப் படுக்கையறைக் காட்சி கிடையாது. இரண்டாம் பாகத் தொடக்கத்தில் வாட்டர்லூ போர்க்களம் நீளமாக வரும், அங்கே ஒரு தளபதி வாயில் ஒரு கெட்ட வார்த்தை. நான்காம், ஐந்தாம் பாகங்களில் தெருச் சண்டை, ஒரு சிறுவன் சுடப்பட்டுச் சாகிறான். ஐந்தாம் பாகத்தில் ஒரு தற்கொலை. கடைசியாக வாசித்தது போன வருஷம்."

இதுல எங்கயாவது தீர்ப்பு இருக்கா? இல்லை. இதை வாசிக்கிற அம்மா பத்தாம் வகுப்புப் பிள்ளைக்குக் கொடுக்கலாமான்னு அவங்களே முடிவு பண்ணுவாங்க. போன வருஷம் மகனைப் பறிகொடுத்த ஒருத்தங்க அந்தச் சிறுவன் வர்ற இடத்துக்கு முன்னாடியே மனசைத் தயார் பண்ணிக்குவாங்க, இல்லைன்னா அந்த அத்தியாயத்தை விட்டுடுவாங்க.

இந்தக் கடைசி விஷயத்துல கொஞ்சம் நிக்கணும். விலகிப்போன அந்த ரெண்டு பேரும் காட்சி ஆபாசமா இருந்ததாலதான் விலகினாங்கன்னு எப்படித் தெரியும்? சில நேரம் காரணம் ஆபாசமே கிடையாது, காயம். அதைக் குழுவுல வெச்சுக் கேக்காதீங்க. தனியா ஒரு போன் போடுங்க. "புத்தகம் பிடிக்கலையா"ன்னு கேக்க வேண்டாம், "அடுத்த மாசம் இந்தப் புத்தகம் எடுக்கறோம், உள்ள இதெல்லாம் இருக்கு, உங்களுக்குச் சரிப்படுமா அக்கா"ன்னு குறிப்பை வாசிச்சுக் காட்டுங்க. குழுவுல ஒரு ஏற்பாடும் வெச்சுக்கோங்க. யாரும் எந்த அத்தியாயத்தையும் காரணம் சொல்லாம தாண்டலாம். நடத்துறவங்க அந்த அத்தியாயத்தோட கதையை மூணு வரியில எழுதிக் கொடுத்துடணும், கூட்டத்துல அவங்க முழிச்சுட்டு உக்காரக் கூடாது.

புத்தகத்தைத் தேர்ந்தெடுக்கும் முன்னாடி ரெண்டு பேர் முழுசா வாசிச்சிருக்கணும். ஒருத்தர் போதாது. அந்த ரெண்டுல ஒருத்தர் உங்க குழுவுலயே கண்டிப்பானவங்களா இருக்கட்டும். குறிப்பு கூட்டத்துக்கு ரெண்டு வாரம் முன்னாடி போகணும். அப்பத்தான் வேண்டாம்னு சொல்றதுக்கும் மாத்துறதுக்கும் நேரம் இருக்கும். புத்தகம் வாங்கினதுக்கப்புறம் சொன்னா வாயை மூடிட்டு உள்ளுக்குள்ள வருத்தப்படுவாங்க.

வேற வழியா சில சபை நூலகங்கள்ல பக்கத்தைக் கிழிச்சுடறாங்க, இல்லைன்னா கறுப்பு மையால அடிச்சுடறாங்க. தயவுசெஞ்சு வேண்டாம். இங்கிலாந்துல பௌட்லர்னு ஒரு குடும்பம், 1807ல ஷேக்ஸ்பியர் நாடகங்களைக் குடும்பத்தோட உக்காந்து வாசிக்கிற மாதிரி வெட்டிப் பதிப்பிச்சாங்க, 1818ல பெரிசா வந்துச்சு. நோக்கம் நல்ல நோக்கம். ஆனா வாசிக்கிறவங்களுக்கு எந்த இடத்துல என்ன போச்சுன்னே தெரியாது. தாண்டிப் போறது வாசிக்கிறவங்க முடிவு. வெட்டிட்டா அவங்க சார்புல வேற யாரோ முடிவு பண்ணிடறாங்க.

"கிறிஸ்தவப் புத்தகக் கடையில வாங்கினா இந்தக் கவலையே இல்லையே"ன்னும் ஒரு வரி எழுதியிருக்கீங்க. அப்படியா? 1896ல அமெரிக்காவுல கான்சாஸ் மாநிலம் டொபீக்கா நகரத்துல சார்ல்ஸ் ஷெல்டன்னு ஒரு போதகர். ஞாயிறு சாயங்கால ஆராதனையில ஒரு கதையை அத்தியாயம் அத்தியாயமா வாசிச்சுக் காட்டினார். இந்த இடத்துல இயேசு இருந்தா என்ன செய்வார்னு ஒவ்வொரு காரியத்துலயும் கேட்டு நடக்கிற ஒரு சபையோட கதை. 'இன் ஹிஸ் ஸ்டெப்ஸ்'னு புத்தகமா வந்துச்சு. காப்புரிமையில குறை இருந்ததால ஆளாளுக்கு அச்சடிச்சாங்க, உலகம் பூரா போச்சு. போதகரே எழுதி, கோயில்லயே வாசிச்ச கதை. அதுல சாராயக்கடை இருக்கு, குடிச்சுட்டு விழுந்து கிடக்கிற பெண் இருக்கா, அவ மனந்திரும்பினதுக்கப்புறம் சாராயக்கடை மாடியிலேருந்து வீசின பாட்டில் பட்டுச் சாகிறா. இதுக்கும் ஒரு குறிப்பு வேணும்.

அட, வேதாகமத்துக்கே எழுதிப் பாருங்களேன். ஆதியாகமம் 38, நியாயாதிபதிகள் 19, ரெண்டாம் சாமுவேல் 13. உங்க பட்டியல்ல இடம் கிடைக்குமா? இதை யாரையும் மடக்கறதுக்காகச் சொல்லல. ரெண்டாம் சாமுவேல்ல அண்ணன் முறையானவனே பலாத்காரம் பண்ணின தாமாருக்கு நடந்த கொடுமையை வேதம் மறைக்கல, அதுல லயிச்சு நிக்கவும் இல்ல. என்ன நடந்துச்சுன்னு சொல்லுது, அவ சாம்பலைத் தலையில வாரிப் போட்டுட்டு சத்தமா அழுதுட்டுப் போனான்னு சொல்லுது. ஒரு புத்தகம் பாவத்தை எப்படிக் காட்டுதுங்கறதுதான் கேள்வி. அதனாலதான் அந்த மூணு அளவையும் குறிப்புல போடச் சொல்றேன்.

பிடிஎஃப் பத்தி ஒரு வார்த்தை. நல்ல புத்தகம்னு சொல்லி அதோட திருட்டு பிடிஎஃப்பைக் குழுவுல போடறது வாசகர்கள் செய்யக்கூடாத வேலை. நம்ம நாட்டுச் சட்டப்படி ஆசிரியர் இறந்து 60 வருஷம் வரைக்கும் உரிமை இருக்கு. யூகோ 1885ல இறந்துட்டார், மூலம் எல்லாருக்கும் பொது. ஆனா மொழிபெயர்ப்புக்குத் தனி உரிமை உண்டு. நாட்டுடைமை ஆன தமிழ் நூல்களைத் தமிழ் இணையக் கல்விக்கழக மின்னூலகத்துல பாருங்க, அதுவே ஏகப்பட்டது இருக்கு. பன்னிரண்டு பேருக்கு நாலு பிரதி வாங்கி வாரம் மாத்திக்கிட்டாக்கூட நடந்துடும்.

இப்ப, நீங்க கேக்காத ஒரு கேள்வி. என்ன தவிர்க்கலாம்னு கேட்டீங்க. வாசிச்சு முடிச்சுட்டு எதைப் பத்திப் பேசறதுன்னு கேட்டிருந்தீங்கன்னா எனக்கு இன்னும் சந்தோஷம். எந்தக் குறையும் சொல்லமுடியாத புத்தகத்தை எடுத்துட்டு, கூட்டத்துல "நல்லா இருந்துச்சு", "ஆமா நல்லா இருந்துச்சு"ன்னு டீ குடிச்சுட்டுக் கலையற குழு எத்தனையோ இருக்கு.

அதே யூகோ நாவலுக்கே வாங்க. ஜெயில்லேருந்து வந்த ழான் வால்ழான், தங்க இடம் கொடுத்த பேராயர் வீட்டு வெள்ளிச் சாமானைத் திருடிட்டு ஓடறான். போலீஸ் பிடிச்சுட்டு வருது. பேராயர், "நான் கொடுத்ததுதானே, இந்த மெழுகுவர்த்தித் தண்டு ரெண்டையும் ஏன் விட்டுட்டுப் போனே"ங்கறார். முதல் பாகம், ரெண்டாம் புத்தகம், பன்னிரண்டாம் அத்தியாயம். எல்லாப் பிரசங்கத்துலயும் இதைக் கேட்டிருப்பீங்க. ஆனா கவனிச்சீங்களா, பேராயர் சொன்னது பொய்யா இல்லையா? அப்புறம் எட்டாம் புத்தகம், அஞ்சாம் அத்தியாயம். சிம்ப்ளீஸ்னு ஒரு கன்னியாஸ்திரி, வாழ்நாள்ல ஒரு பொய்கூடச் சொல்லாதவங்கன்னு பேர். அவங்க அதே மனுஷனைக் காப்பாத்த போலீஸ் அதிகாரி முகத்துக்கு நேரா அடுத்தடுத்து ரெண்டு பொய் சொல்றாங்க. உங்க சுத்தப் பட்டியல்ல பொய்க்குன்னு ஒரு கட்டமே கிடையாது. ஆனா பொய்ச்சாட்சி சொல்லாதேங்கற யாத்திராகமம் 20:16 இருக்கு.

இந்த ரெண்டு அத்தியாயத்தையும் சேர்த்து ஒரே கூட்டத்துல சத்தமா வாசிங்க, அரை மணி நேரம் போதும். வாசிச்சுட்டு, "இவங்க ரெண்டு பேரும் செஞ்சது சரியா?"ன்னு கேளுங்க. கூடவே பேராயர் வீட்டு வேலைக்கார அம்மா மக்லுவாரோட கேள்வியையும் வைங்க. சாமான் போனது தெரிஞ்சதும் அவங்க கேக்கறது, ஐயா இனிமே எதுல சாப்பிடுவாருங்கறதுதான். தானம் பண்றவர் ஒருத்தர், அந்த வீட்டை நடத்துறவங்க இன்னொருத்தங்க. பெண்கள் ஐக்கியத்துல இதைப் பத்திப் பேச ஆளுக்கு ஒரு அனுபவம் இருக்கும். விலகிப்போன அந்த ரெண்டு சகோதரிகளுக்கும் நான் வாசிச்ச அந்தக் குறிப்பை இன்னைக்கே அனுப்பி, இந்தக் கூட்டத்துக்குக் கூப்பிடுங்க.