95-வது நிமிடத்தில் பெனவென்டோ

நேயர்களுக்கு வணக்கம். கால்பந்து பற்றிப் பேச வாருங்கள், என்ன தலைப்பு வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளுங்கள் என்று சொன்னார்கள். கோப்பை வென்ற அணிகளைப் பற்றிப் பேச ஆட்கள் நிறைய இருக்கிறார்கள். நான் பட்டியலில் கடைசியாக, 20-வது இடத்தில் முடித்த ஓர் அணியைப் பற்றிப் பேசப் போகிறேன். பெனவென்டோ. 2017-18 பருவத்தில் இத்தாலியின் முதல் டிவிஷனான சீரீ ஆ-வில் அவர்கள் முதல்முறையாக ஆடினார்கள். மொத்தம் 38 ஆட்டம், 6 வெற்றி, 3 டிரா, 29 தோல்வி. கணக்கு இவ்வளவுதான். இதை மட்டும் பார்த்துவிட்டு மோசமான அணி என்று ஒதுக்கிவிடுகிறவர்கள் மீது எனக்கு இன்றைக்கும் வருத்தம் உண்டு, அதனால்தான் பேச வந்தேன்.

முதலில் ஊரைச் சொல்லிவிடுகிறேன். நேப்பிள்ஸ் நகரத்திலிருந்து உள்ளே தள்ளி, மலைகளுக்கு நடுவில் இருக்கிற சின்ன நகரம், அந்தப் பருவத்தின்போது ஏறத்தாழ 60 ஆயிரம் பேர் வாழ்ந்தார்கள். ரோமானியர்கள் இந்த ஊரை முதலில் மலேவென்டும் என்று அழைத்தார்கள், அவர்கள் காதுக்கு அது கெட்டது வரும் என்பது போல ஒலித்தது. கி.மு. 275-ல் கிரேக்க மன்னன் பிர்ரஸின் படையை இங்கே முறியடித்த பிறகு, இனி அந்தப் பெயர் ஆகாது என்று பெனவென்டும், அதாவது நல்லது வரும் என்று மாற்றிவிட்டார்கள். அப்புறம் இந்த ஊருக்கு இன்னொரு கதை உண்டு. ஆற்றங்கரையில் ஒரு வால்நட் மரம், அதன் அடியில் இரவில் சூனியக்காரிகள் கூடுவார்கள் என்று தலைமுறை தலைமுறையாகச் சொல்லி வருகிறார்கள். அந்த ஊரில் காய்ச்சுகிற புகழ்பெற்ற மஞ்சள் மதுவுக்கே ஸ்ட்ரேகா, சூனியக்காரி என்றுதான் பெயர். கால்பந்து அணியின் பட்டப்பெயரும் அதையொட்டித்தான், ஸ்ட்ரேகோனி, சூனியக்காரர்கள்.

1929-ல் தொடங்கிய கிளப் இது. எண்பது ஆண்டுகளுக்கும் மேலாகக் கீழ் டிவிஷன்களிலேயே கிடந்தது, இரண்டாவது டிவிஷனைக்கூடத் தொட்டதில்லை. 2016-ல்தான் முதல்முறையாக அங்கே ஏறினார்கள். ஏறிய முதல் பருவத்திலேயே ஐந்தாவதாக முடித்து, மேலே போகும் கடைசி இடத்துக்காக நடக்கும் பிளேஆஃப் இறுதியில் கார்ப்பியை 1-0 என்று வென்று 2017 ஜூனில் சீரீ ஆ-வுக்கு வந்துவிட்டார்கள். இரண்டாவது டிவிஷனில் கால் வைத்த முதல் ஆண்டிலேயே மேலே போன கிளப் இத்தாலியில் அதற்கு முன் கிடையாது. இறுதியில் கோல் போட்டவர் ருமேனியாவிலிருந்து வந்த இளைஞர் ஜார்ஜ் புஷ்காஷ். கிளப்பின் தலைவர் ஒரெஸ்தே விகோரிதோ, காற்றாலைத் தொழில் செய்பவர். அணி ஆடும் மைதானத்துக்கு இறந்துபோன அவர் தம்பி சீரோவின் பெயரைத்தான் வைத்திருக்கிறார்கள். அண்ணன் தம்பி சேர்ந்து வளர்த்த கிளப், தம்பி பார்க்காத உயரத்துக்கு வந்து நின்றது.

சரி, மேலே வந்தாயிற்று. முதல் ஆட்டம் சம்ப்டோரியாவின் மைதானத்தில். அமாத்தோ சிசிரெத்தி கோல் போட்டு பெனவென்டோவை முன்னிலைக்குக் கொண்டுபோனார், வரலாற்றில் அவர்களின் முதல் சீரீ ஆ கோல். ஆனால் குவாலியரெல்லா இரண்டு போட்டு ஆட்டத்தைப் பறித்துக்கொண்டார். அடுத்து தோல்வி, அதற்கடுத்தும் தோல்வி. நாப்போலியிடம் 6-0, சொந்த மண்ணில் ரோமாவிடம் 4-0. இவையெல்லாம் பெரிய அணிகள், அடி வாங்குவது நடக்கும். ஆனால் உண்மையிலேயே வலித்தவை வேறு. டொரினோவிடம் இஞ்சுரி டைமில் கோல் வாங்கித் தோற்றார்கள். கால்யாரியில் இஞ்சுரி டைமில் பெனால்டி போட்டு சமன் செய்து, அப்பாடா ஒரு புள்ளி கிடைத்துவிட்டது என்று மூச்சு விடுவதற்குள் பவொலெத்தி தலையால் முட்டி அதையும் பிடுங்கிக்கொண்டார். சசுவோலோவிடமும் அதே கதை, கடைசி மூச்சில் கோல். யுவென்டஸ் மைதானத்தில் சிசிரெத்தியின் ஃப்ரீ கிக்கில் முன்னிலை எடுத்து, இரண்டாம் பாதி வரை தாக்குப்பிடித்து, கடைசியில் 2-1. இப்படி 14 ஆட்டம், 14 தோல்வி, புள்ளி பூஜ்யம். பருவத்தின் தொடக்கத்திலிருந்து தொடர் தோல்வி என்ற கணக்கில், ஐரோப்பாவின் ஐந்து பெரிய லீக்குகளில் 1930-ல் மான்செஸ்டர் யுனைடெட் வாங்கிய 12 தோல்விதான் அதுவரை சாதனை. அதையும் தாண்டிவிட்டார்கள்.

இதற்கு நடுவில், மேலே கொண்டுவந்த பயிற்சியாளர் மார்கோ பரோனியை அக்டோபரில் அனுப்பிவிட்டார்கள். கிளப்புகள் இப்படித்தான் செய்யும் என்று தெரியும், இருந்தாலும் எனக்கு அது மனதுக்கு ஒப்பவில்லை, இரண்டாவது டிவிஷன் ஆட்டக்காரர்களைப் பெரும்பாலும் அப்படியே வைத்துக்கொண்டு முதல் டிவிஷனில் ஆடச் சொன்னால் யார் வந்தாலும் திணறத்தான் செய்வார்கள். புதிதாக வந்தவர் ரொபெர்தோ டி செர்பி, அப்போது வயது 38. புள்ளியே இல்லாத அணிக்கு வருகிறவர் பத்துப் பேரை கோல் வாசலில் நிறுத்திவைப்பார் என்றுதானே நினைப்போம்? இவர் பந்தைக் காலில் வைத்து ஆடச் சொன்னார். பின்னால் இருந்தே பாஸ் செய்து கட்டி வரச் சொன்னார். தப்பு நடந்தது, கோல் வாங்கினார்கள், மறுபடியும் அப்படியே ஆடினார்கள்.

2017 டிசம்பர் 3, ஞாயிற்றுக்கிழமை. அங்கே மதியச் சாப்பாட்டு நேரம், நமக்கு மாலை 5 மணி. எதிரணி ஏசி மிலான், அவர்களின் புதுப் பயிற்சியாளர் கத்தூசோவுக்கு அதுதான் முதல் ஆட்டம். மிலானின் போனவெந்தூரா கோல் போட்டார், புஷ்காஷ் சமன் செய்தார், காலினிச் மறுபடியும் மிலானை முன்னால் கொண்டுபோனார், 2-1. மிலானின் ரொமாஞோலி சிவப்பு அட்டை வாங்கி வெளியே போனார். நிமிடங்கள் ஓடிக்கொண்டே இருந்தன. 95-வது நிமிடம், பெனவென்டோவுக்கு இடது பக்கத்தில் ஒரு ஃப்ரீ கிக். கோல்கீப்பர் அல்பெர்தோ பிரிஞோலி தன் வாசலைக் காலியாக விட்டுவிட்டு எதிர்ப் பக்கத்துப் பெட்டிக்குள் ஓடி வந்து நின்றார். கதால்டி பந்தைத் தூக்கிப் போட்டார். பிரிஞோலி எல்லோருக்கும் முன்னால் பாய்ந்து தலையால் தொட்டார், பந்து மிலான் கோல்கீப்பர் டொன்னருமாவைத் தாண்டித் தூரத்து மூலையில் போய் விழுந்தது.

ஒரு கோல்கீப்பர்! அதற்கு முன் சீரீ ஆ-வில் ஒரு கோல்கீப்பர் இப்படித் தலையால் கோல் போட்டது 2001-ல், ரெஜ்ஜினாவின் தாய்பி. அந்த ஊர் மக்கள் மூன்று மாதத்துக்கும் மேலாக வாரம் தவறாமல் தோல்வியைப் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போனவர்கள். மைதானம் முழுக்க ஒருவரை ஒருவர் கட்டிக்கொண்டு அழுததை, கத்தியதை, யாரும் நகராமல் நின்றதை நான் எத்தனை முறை மறுபடி பார்த்திருப்பேன் என்று கணக்கில்லை. கிடைத்தது ஒரே ஒரு புள்ளி.

டிசம்பர் 30-ல் கியேவோவை வென்றார்கள், முதல் வெற்றி, கோல் போட்டவர் மாசிமோ கோடா. ஒரு வாரத்திலேயே சம்ப்டோரியாவையும் 3-2 என்று வென்றார்கள். குளிர்காலத்தில் சாண்ட்ரோ, பக்காரி சன்யா போன்ற பெரிய பெயர்கள் வந்தன, ஆனால் எனக்குப் பிடித்தவர் மாலி நாட்டு முன்கள வீரர் ஷேக் தியாபத்தே, பாதிப் பருவத்தில் 8 கோல். ஏப்ரலில் சாம்பியனாகப் போகிற யுவென்டஸுக்கு எதிராக இரண்டு முறை சமன் செய்தார். ஆட்டம் 4-2 என்று தோல்விதான், ஆனாலும் யுவென்டஸ் அன்றைக்கு வியர்த்துத்தான் வென்றது.

அப்போதே கணக்குப்படி இரண்டாவது டிவிஷனுக்கு இறங்காமல் தப்பிக்க வழி ஏறத்தாழ அடைபட்டுவிட்டது. ஏப்ரல் 21-ஆம் தேதி சான் சீரோ மைதானம், மறுபடியும் மிலான். பட்டியலின் அடியில் கிடக்கிற அணி, வெளியூரில் அந்தப் பருவத்தில் ஒரு வெற்றிகூட இல்லை. முதல் பாதியிலேயே யெம்மெல்லோ ஒரு கோல் போட்டார். மிச்ச நேரம் முழுக்க மிலான் முட்டி மோதிப் பார்த்தது, நடக்கவில்லை, 1-0. பருவம் முழுக்கச் சேர்த்த 21 புள்ளியில் 4 புள்ளி மிலானிடமிருந்து வந்தது. வெளியூர் ரசிகர்களுக்கு ஒதுக்கிய அந்த மேல்தட்டு மூலையில், சீக்கிரமே கீழே இறங்கப் போகிறோம் என்று நன்றாகத் தெரிந்த மக்கள் மஞ்சள் சிவப்புத் துண்டுகளைச் சுழற்றிக்கொண்டு பாடிக்கொண்டிருந்தார்கள்.