சூரைச்செடியின் கீழ் ஒரு சாப்பாடு

அன்பான நேயர்களே, வணக்கம்.

சோர்ந்துபோன நேரத்தில் விசுவாசம் எப்படிப் பெலன் தருகிறது என்று பேசச் சொல்லியிருக்கிறார்கள். சோர்வு என்றதும் நம் சபைகளில் முதலில் வாயில் வருவது ஏசாயா 40-ஆம் அதிகாரம்தான். “கர்த்தருக்குக் காத்திருக்கிறவர்களோ புதுப்பெலன் அடைந்து, கழுகுகளைப்போலச் செட்டைகளை அடித்து எழும்புவார்கள்.” அருமையான வசனம், சந்தேகமில்லை. ஆனால் படுத்த படுக்கையாகக் கிடக்கும் மாமியாரை ராத்திரி முழுக்கப் பார்த்துவிட்டு, காலையில் வேலைக்கு பஸ் பிடிக்க ஓடும் பெண்ணிடம் இதைச் சொல்லிவிட்டு நாம் பாட்டுக்குப் போய்விட்டால், ‘எனக்குத்தான் விசுவாசம் போதவில்லை போல’ என்று அவளுக்கு இன்னொரு பாரமும் ஏறிவிடும்.

அதனால் இன்று 1 இராஜாக்கள் 19-ஆம் அதிகாரத்துக்குப் போவோம்.

கர்த்தருடைய தீர்க்கதரிசியான எலியா அப்போதுதான் கர்மேல் பர்வதத்தில், பாகால் என்ற அந்நிய தெய்வத்தின் தீர்க்கதரிசிகள் 450 பேருக்கு எதிரே தனியாக நின்று ஜெயித்தவர். வானத்திலிருந்து அக்கினி இறங்கியது, வருஷக்கணக்கில் பெய்யாத மழையும் பெய்தது. மறுநாளே உன் உயிர் இருக்காது என்று, பாகாலை வணங்கிய யேசபேல் ராணி ஆள் அனுப்புகிறாள். மனுஷர் உடைந்துபோகிறார். தெற்கே பெயெர்செபா வரை ஓடி, வேலைக்காரனை அங்கே விட்டுவிட்டு, வனாந்தரத்தில் ஒரு நாள் நடந்து, சூரைச்செடியின் கீழே உட்கார்ந்து சொல்கிறார்: “போதும் கர்த்தாவே, என் ஆத்துமாவை எடுத்துக்கொள்ளும்.” தோற்றவருக்கு வந்த சோர்வு அல்ல இது, ஜெயித்தவருக்கு வந்தது.

இதற்குக் கர்த்தர் என்ன செய்தார்? கண்டிக்கவில்லை. கர்மேலை மறந்துவிட்டாயா என்று கேட்கவில்லை. முதலில் தூங்க விட்டார். அப்புறம் தூதன் தட்டியெழுப்பினால், தலைமாட்டில் தழலில் சுட்ட அடையும் தண்ணீரும் இருக்கின்றன. எனக்கு மிகவும் பிடித்த இடம் இதற்கு அடுத்தது: எலியா சாப்பிட்டுவிட்டு மறுபடியும் படுத்துக்கொள்கிறார்! தூதன் தடுக்கவில்லை. இரண்டாம் தடவை எழுப்பி, “எழுந்திருந்து போஜனம்பண்ணு, நீ பண்ணவேண்டிய பிரயாணம் வெகுதூரம்” என்கிறான். அந்தப் போஜனத்தின் பலத்தில்தான் அவர் 40 நாள் ஓரேப் பர்வதம் வரை நடக்கிறார். “இங்கே உனக்கு என்ன காரியம்” என்ற கேள்வியே அங்கே போன பிறகுதான் வருகிறது.

தூக்கத்தையும் சாப்பாட்டையும் ஆவிக்குரிய விஷயமாக நாம் எண்ணுவதில்லை. உபவாச ஜெபத்துக்கு அறிவிப்பு கொடுக்கிற நாம், ‘போய்த் தூங்குங்கள்’ என்று அறிவிப்பு கொடுத்ததே கிடையாது. இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். எலியாவைப் போல ‘போதும், செத்தால் தேவலை’ என்ற நினைப்பு விடாமல் வந்தால், ஜெபமும் பண்ணுங்கள், டாக்டரையும் பாருங்கள். இது அவிசுவாசம் ஆகாது.

சரி, புதுப்பெலன் வந்தால் எல்லாம் பழையபடி ஆகிவிடுமா? அப்படியும் சொல்ல முடியாது. திருநெல்வேலிப் பக்கம் டோனாவூரில் ஆதரவற்ற பிள்ளைகளை வளர்த்த ஏமி கார்மைக்கேல் அம்மையார், 1931-இல் கீழே விழுந்து பலத்த அடிபட்டார். 1951-இல் இறக்கும் வரை பெரும்பாலும் அறையிலேயேதான் இருந்தார். குணமாக எத்தனையோ பேர் ஜெபித்திருப்பார்கள். நடக்கும் பெலன் திரும்பவில்லை. ஆனால் எழுதும் பெலன் இருந்தது, படுக்கையிலிருந்தே புத்தகம் புத்தகமாக எழுதினார்.

எலியாவும் அப்படி ஒரேயடியாக மாறிவிடவில்லை. ஓரேபில் காற்றும், பூமியதிர்ச்சியும், அக்கினியும் கடந்துபோய், அமர்ந்த மெல்லிய சத்தத்தைக் கேட்ட பிறகும், ‘நான் ஒருவன்தான் மீதி’ என்று முன்பு சொன்ன புலம்பலையே திரும்பச் சொல்கிறார். கர்த்தர் அதோடு வாதாடவில்லை. செய்ய வேலை கொடுக்கிறார், பாகாலுக்கு முழங்கால் முடக்காதவர்கள் இன்னும் 7000 பேர் இருக்கிறார்கள் என்கிறார், ஏர் உழுதுகொண்டிருந்த எலிசாவைத் துணைக்குக் காட்டுகிறார்.

பல வருஷம் கழித்து, எலிசா யார் என்று ராஜாவுக்கு ஒருவன் அறிமுகம் சொல்கிறான். பெரிய அற்புதம் எதையும் அவன் சொல்லவில்லை. எலியாவின் கைகளுக்குத் தண்ணீர் வார்த்தவர் என்றுதான் சொல்கிறான். அந்த வேலைக்கு நம் சபைகளில் ஆள் தேவை.

நன்றி, வணக்கம்.